பெக்தூரின் காதும் உன் மாமனாரின் கொழுப்புப் புட்டியும்

நரின்

அன்பு மகள் அய்ஜிரெக்குக்கு,

இங்கே நான், உன் அம்மா, ஆடுகள் எல்லோரும் சுகம். உன் மாமனார் ஜப்பாரும் சுகமாக இருக்கிறார், அது ஒன்றுதான் குறை. கசானில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு இதமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், உன் அம்மாவும் கூடச் சேர்ந்து அழுவாள், அதனால் எழுதுகிறேன்.

நீ எங்களிடம் விட்டுப்போன பிள்ளை பெக்தூருக்குச் சளி பிடித்து, காதை இழுத்து இழுத்து அழுதான். உடனே உன் மாமனார் உருக்கிய ஆட்டுவால் கொழுப்பைப் புட்டியில் கொண்டுவந்து, “நம்ம வம்சத்துக்கே இதுதான் மருந்து வாத்தியாரே, பையனைப் பிடிங்க” என்றார். உன் கல்யாண விருந்தில், சம்பந்திக்கு மரியாதையாக வைக்க வேண்டிய பெரிய எலும்பை விட்டுவிட்டு எனக்குச் சின்ன எலும்பை வைத்த அதே கை. “உங்க காதுல ஊத்திக்குங்க சம்பந்தி, அப்பவாவது நான் சொல்றது கேக்குதா பாப்போம்” என்று குறுக்கே நின்றேன். அதற்குள் பையன் காதிலிருந்து சீழ் வந்துவிட்டது, தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் சினாரா பார்த்துவிட்டு, செவிப்பறையில் சின்ன ஓட்டை, தானாக மூடிவிடும், காதில் எதையும் ஊற்றக் கூடாது, தண்ணீரும் படக் கூடாது, வலி நின்றாலும் மருந்தை முழுக்கக் கொடுங்கள், படுக்கவைத்துப் பால் புட்டி வேண்டாம் என்றார். வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது, அந்தப் புகையும் காதுக்கு ஆகாது என்றார். வாழ்க்கையில் அத்தனை வேகமாக நான் யாரையும் கை காட்டியதில்லை. இப்போது உன் மாமனார் பனியில் ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் நின்று புகைக்கிறார், நான் ஜன்னல் திரையை விலக்கி வைத்திருக்கிறேன். “இந்த வயசுல இதுல என்னங்க சந்தோஷம்?” என்கிறாள் உன் அம்மா.

காய்ச்சல் விட்ட பிறகுதான் பயம் வந்தது. கூப்பிட்டால் பையன் திரும்புவதில்லை. கொஞ்ச நாள் உள்ளே நீர் தங்கிக் காது மந்தமாக இருக்கலாம், பின்னால் நின்று மெதுவாகப் பேசிப் பாருங்கள் என்றார் டாக்டர். பேசினேன். திரும்பவில்லை. உன் அம்மா கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்நேரம் தொப்பியில் பனியோடு உள்ளே வந்த உன் மாமனார் அவன் முதுகுக்குப் பின்னால் குனிந்து, “டேய் குதிரைக்குட்டி, தயிர் உருண்டை வேணுமா?” என்று கிசுகிசுத்தார். பையன் சுழன்று திரும்பிக் கையை நீட்டினான்! மறுபடி நான் கூப்பிட்டுப் பார்த்தேன். ம்ஹூம். காது கேட்கிறது மகளே, என் பேச்சைத்தான் கேட்கவில்லை, உன் பிள்ளைதானே.

வழக்கமாக அவருக்குத் தேநீரைக் கிண்ணம் நிறைய ஊற்றுவேன், குடித்துவிட்டு உடனே கிளம்பட்டும் என்று. அன்று, இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று அரைக் கிண்ணம்தான் ஊற்றினேன், பிறகு மறுபடியும் அரை.

டிக்கெட் எடுக்காதே, அடுத்த மாதம் செவிச் சோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன். கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும், காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். அரைக் கிண்ணத்தைப் பற்றி மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே, அவர் தன் அப்பாவிடம் சொல்லிவிடுவார்.

உன் அப்பா,
மெலிஸ்