மௌத்து என்ற சொல்

மேலப்பாளையத்தில் இருக்கும் அன்புத் தங்கை ஷைஸ்தாவுக்கு,

தாராவியிலிருந்து ஜுவைரியாவின் ஸலாம். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாச்சா மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகியும், அந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி தினமும் வேறு வேறு நம்பரில் கூப்பிட்டு, "மன்சூர் அலி சார் சுகர் டெஸ்டுக்கு எப்போது வருகிறார்?" என்று கேட்கிறாள், அவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று கேட்டிருந்தாய். அவள் மனுஷி இல்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் மெஷின். அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதுதான் ஐரோலியில் என் வேலை. அதற்குப் புரியாத பதில்களைத் துண்டு துண்டாக எங்களுக்கு அனுப்புவார்கள்.

போன செவ்வாய் ஹெட்போனில் சாச்சியின் குரல் வந்தது. "அவுஹ மௌத்தாயிட்டாஹம்மா." மெஷின், "சரி, நாளை மீண்டும் அழைக்கிறேன்" என்றது. அடுத்த துண்டிலும் சாச்சி. மொத்தம் பதினொன்று. ஐந்தாவதில் அதை "மவளே" என்று கூப்பிட்டு, சாச்சா கடைசியாகக் கஞ்சி கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ வேலைக்குப் போனபின், இத்தாவின் நாலு மாதம் பத்து நாளும் முடியும்வரை வெளியே வராத சாச்சிக்குப் பேச்சுத்துணை அதுதான் போல.

டீம் லீடர் தளவாயிடம் ஓடினேன். அவரும் நம் திருநெல்வேலிதான். பழைய பட்டியலைத் திறந்து சிரித்தார். "அரே, இந்த மௌத்து தமிழே இல்ல, வேற பாஷைன்னு ரெண்டு வருஷம் முன்னால மார்க் பண்ணதே நீதானம்மா" என்றார். உண்மை. சேர்ந்த புதிது. சுற்றிலும் மாட்டுங்கா அய்யர் வீட்டுப் பிள்ளைகள். நம் வீட்டுச் சொல் எனக்கே கூச்சமாக இருந்தது.

மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். மாதம் ஆயிரம் அழைப்பிலாவது வரும் சொல்லைத்தான் கம்பெனி சேர்க்குமாம். "முந்நூறுதான் வந்திருக்கு. இன்னும் வரட்டும், பாக்கலாம்" என்றார். இன்னும் எழுநூறு வீட்டில் மௌத்து விழ வேண்டும். ஆஸ்பத்திரிக்கே போன் செய்தேன். எடுத்ததும் அந்த மெஷின்தான்.

அதனால் ஒன்று கேட்கிறேன், திட்டாதே. அடுத்த தடவை "இறந்துவிட்டார்" என்று சாச்சியைச் சொல்லச் சொல். அந்தச் சொல்லுக்கு ஒரே தடவையில் நிறுத்திவிடும், சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அழாமல் சொல்ல வேண்டும். அழுதால் அதற்குப் புரியாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழக்கு.

பேசுவது மெஷின் என்று மட்டும் சாச்சியிடம் சொல்லிவிடாதே. அல்லாஹ் அவருக்குப் பொறுமையைத் தரட்டும்.

உன் லாத்தா,
ஜுவைரியா