அடுத்த மடல்

வீப்கே,

நம் கட்டற்ற மென்பொருள் குழுவின் தலைமையிலிருந்து எக்கார்ட்டை நீக்க இன்று பெர்லினில் கூடினோம். அவர் மற்றவர்களை இழிவாகப் பேசுகிறார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். நம் குழுவின் பொது மின்மடல்களில் எதையும் அழிப்பதில்லையே. ஐந்து வருடம் முன்பு உன் நிரலைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தேன்: "இத எழுதுனவ இனிமே கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது."

எக்கார்ட் சிரித்தார். "ஏம்மா நிறுத்திட்ட? அடுத்த மடலையும் படி."

அடுத்தது என்னுடையது. அதையும் வாசித்தேன்: "சரியாச் சொன்னீங்க. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது."

ஏழுக்கு நான்கு என்று அவரை நீக்கினார்கள். என்னைப் பற்றியும் வாக்கெடுக்கச் சொன்னேன்.

"உன்மேல யாரும் புகார் சொல்லலயே, உட்காரு" என்றார்கள்.

சொல்ல வேண்டியவள் அந்த அறையில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விலகிய அன்று
உன் மடலுக்குப் பதில் போடாதவள்