கஞ்சி காய்வதற்குள்

இன்று காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது எங்கள் தெருவில் தறிக்கு ஏற்றும் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஈரப் பட்டிலிருந்து எழும் அந்தக் கஞ்சி வாடை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் நிலைகொள்ளவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்று தெரியும். வேறு யாருக்கு எழுதுவது?

கல்லூரியில் கடைசி வருஷம் என் ஸ்காலர்ஷிப் பணம் வந்த கதை உனக்குத் தெரியும். வந்த அன்றே, மினிமம் பேலன்ஸ் வைக்காத அபராதம் என்று வங்கி அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. என் கணக்கு அதுவரை மைனஸில் கிடந்ததே எனக்குத் தெரியாது. பரீட்சைக் கட்டணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. அப்பாவுக்கு நெசவுக் கூலி வராத நேரம். கேட்க மனம் வரவில்லை. போனில் ஒரு கடன் ஆப்பை இறக்கி, அது கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தினேன். அந்தக் கடனை அடைக்க இன்னொரு ஆப். பிறகு மிரட்டல். என் போட்டோவுக்குக் கீழே 'மோசடிக்காரி' என்று எழுதி, என் போனில் உள்ள எல்லா எண்களுக்கும் அனுப்புவோம் என்றார்கள். எங்கள் தெருவே அந்த போனில் இருந்தது.

கல்லூரிக்கு வருவதை நிறுத்தினேன். துணிகளைப் பையில் அடைத்து வைத்துக்கொண்டு, எந்த ரயிலில் ஏறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் என்னைக் காணவில்லை என்று வாலாஜாபாத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நின்றாய் நீ. பையைப் பார்த்ததும், "எங்கடி கெளம்பிக்கினு இருக்க?" என்றாய். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, உனக்குக் கோபம்தான் வந்தது.

"அவனுங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம், வா" என்று கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாய்.

அன்று எங்கள் வீட்டுப் பாவு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூலை இழுத்துக் கட்டி, இரு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சியை நீவிக்கொண்டிருந்தார்கள். கஞ்சி காய்வதற்குள் வேலை முடிய வேண்டும். நடுவில் கையை எடுத்தால் நூல் ஒன்றோடொன்று ஒட்டிப் பாவே பாழாகிவிடும். இரண்டு மூன்று பேரின் சட்டைப் பையில் போன் அடித்தபடி இருந்தது. எடுக்க ஒருவருக்கும் கை ஒழியவில்லை. யாரும் நகர முடியாது, போனையும் பார்க்க முடியாது. உனக்கு அது போதும். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாய்.

"அண்ணா, இவ போட்டோ போட்டு ஒரு மெசேஜ் வரும். கடன் வாங்குனது நெஜம். மத்ததெல்லாம் பொய்."

எனக்கு உயிரே போய்விடும்போல் இருந்தது. எதிர்வீட்டு அக்கா நீவுவதை நிறுத்தாமலே, "எனக்கு நேத்தே வந்துடுச்சிமா. அழிச்சிட்டேன்" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர், "என்னாண்ட ரெண்டு நாளா அந்தக் கடன் குடுத்தவனுங்க போன்ல பேசிக்கினு இருக்கானுங்க. எனக்குத்தான் பரிசு கிரிசு விழுந்துடுச்சோன்னு பாத்தேன்பா" என்றார். சிரிப்பு பாவு நெடுக ஓடியது. நான் பயந்து செத்த விஷயம் அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

கடைசியில் அப்பா நின்றிருந்தார். அவரிடம் மட்டும் நீ பேசவில்லை. "இத நீதான் சொல்லணும்" என்று என்னை முன்னால் தள்ளினாய். சொன்னேன். அப்பா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாவைச் சுருட்டி, கை கழுவிய பிறகுதான் கேட்டார்: "என்னாண்ட கேக்கணும்னு தோணலியாமா?"

போலீஸில் புகார் கொடுத்தோம். அசலைக் கட்டிவிட அப்பா நெசவு முதலாளியிடம் முன்பணம் வாங்கி வந்தார். குறைந்ததற்கு, நீ டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து வைத்தாய். "சும்மா ஒண்ணும் குடுக்கல. மொத சம்பளத்துல எண்ணி வெச்சிடணும்" என்றாய். பண விஷயத்தில் நீ கறார்.

முதல் சம்பளம் வந்தபோது நீ இல்லை. மழைக்காலக் காய்ச்சல் ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பணத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வாங்கவில்லை. "அவ என்னாண்ட சொல்லவே இல்லியேமா. அவ குடுத்தத நான் எப்பிடி வாங்கறது?" என்று நோட்டுகளை என் கைக்குள்ளேயே வைத்து மூடினார். வாசலில் நின்று இருவரும் அழுதோம்.

அந்தப் பணம் வங்கியில் அப்படியே கிடக்கிறது. மாதக் கடைசியில் எவ்வளவு முடை வந்தாலும் அதைத் தொடுவதில்லை. உண்டியலில் போட்டுவிடு என்கிறாள் என் அம்மா. சாமியா எனக்குக் கொடுத்தது? கஷ்டப்படும் பிள்ளைகள் யாருக்காவது கொடு என்கிறார்கள் ஆபீஸில். கொடுக்கிறேன், என் சம்பளத்திலிருந்து. இது உன்னுடையது. யார் கையில் கொடுத்தாலும் உன்னிடம் கொடுத்ததாக ஆகாது.

அவ்வளவு கறாராகப் பேசினாயே. ஒரே ஒரு தடவை வந்து கேளேன்டி.