எல்லா வேலைக்கும் ஒரே கையுறை

வியாழன், படுக்கும் முன்.

போன வாரம் காந்திபுரத்தில் ஒரு டஜன் நூல் கையுறை வாங்கினேன். எந்த வேலைக்கு என்று கடைக்காரர் கேட்டார். தோட்டத்தில் முள் வெட்டவும் பட்டறைக்கும் சேர்த்துத்தான் என்றேன். விலை மலிவு. ஒரே அளவுதான் இருந்தது, பெரியது.

என் பட்டறையில் டிரில்லிங் மெஷின் ஓட்டும் பழனிச்சாமி அண்ணன் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. "சுத்தற மெஷினுக்கு இது வேண்டாமுங்களே" என்றார். அவ்வளவு பணிவாகச் சொன்னதால் கூச்சப்படுகிறார் என்று நினைத்துவிட்டேன். "சும்மா போடுங்கண்ணா, கைக்கு நல்லதுங்க" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

இன்று காலை கையுறையின் நூல் பிசிறு ஒன்று டிரில் பிட்டில் சிக்கியது. வலது கையுறையை ஒரே இழுப்பில் சுருட்டிக்கொண்டது. தொளதொளவென்று இருந்ததால் உருவிக்கொண்டு போனது, கை தப்பியது. அளவு பார்த்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். அவர் என்னைத் திட்டவில்லை. பிட்டில் சுற்றியிருந்த நூலை நிதானமாகப் பிரித்தெடுத்தார். பிறகு இடது கையுறையைக் கழற்றி, மடித்து, என் மேசைமேல் வைத்தார்.

"இது நல்லாத்தானுங்க இருக்குது. தோட்டத்துக்கு ஆகுமுங்க."