கூட்டித் துடைத்துக் காட்டிய ஆறு

செவ்வாய், இரவு.

ஆற்றைத் துப்புரவாக்கும் நீண்டகாலத் திட்டத்துக்கு நிதி கொடுக்கலாமா என்று பார்க்க, கொழும்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். விருந்தாளிக்குக் குப்பையைக் காட்டலாமா? நேற்றே ஊரைத் திரட்டி, மலையளவு பிளாஸ்டிக்கை அள்ளி, கரையில் தோரணமும் கட்டிவிட்டேன். மன்னாரில் இது வேறு யாராலும் ஆகாது.

"ஆறு நல்லாத்தானே இருக்கு ஐயா?" என்றார்.

"ஓம் அம்மா, நான் நாளாந்தம் குடிக்கிற தண்ணியெல்லோ!"

வாகனத்தில் ஏறும்போது, "அப்ப இந்தக் காசை வேற ஆத்துக்குக் குடுக்கலாம்" என்றார்.

வீட்டில் என் மனுசி கோப்பையை இடித்து வைத்தாள். "இஞ்சருங்கோ, ஆத்தைக் கெடுத்தது பிளாஸ்டிக் குப்பையில்லை, உங்கட வாய்."

அள்ளிய குப்பை என் வளவில்தான் நாறுகிறது. விடிய, அந்த அம்மா கொழும்புக்குப் புறப்பட முதல், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப்போய் அவர் தங்கியிருக்கும் விடுதி வாசலில் காட்டவேண்டும். மலையளவு என்று எழுதிவிட்டேன். பெட்டி நிறையுமோ தெரியவில்லை.