சைபர் போட்டு வைத்த பஞ்சாலை

இன்று காலை பூக்கடையில் பூந்தமல்லி மல்லிகைப்பூவைப் பழைய செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தார்கள். பிரித்தால் ஷேர் விலைப் பக்கம். ஈரத்தில் எழுத்தெல்லாம் ஊறிக் கிடந்தது. அதிலும் அந்தப் பஞ்சாலையின் பெயரைத்தான் என் கண் தேடியது. இந்தப் பழக்கத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனவன் நீ.

அம்பத்தூரில் நாம் ஏறியதிலிருந்து சென்ட்ரல் வரும்வரை ரயில் பெட்டியில் சீட்டாட்டம் நடக்கும். சனிக்கிழமை மட்டும் நீ சீட்டைத் தொடமாட்டாய். ஷேர் தரகு ஆபீஸ்காரனான உனக்கு அது சந்தை எண் போடுகிற நாள். பத்துக் கம்பெனிகளின் ஷேர் விலையைக் கூட்டிச் சராசரி எடுப்பாய். நீ ஆரம்பித்த வருஷத்துச் சராசரியை நூறு என்று வைத்துக்கொண்டு, இந்த வாரம் அது எங்கே நிற்கிறது என்று சொல்வாய். மொத்தச் சந்தையும் ஒற்றை எண்ணில் அடங்குகிறதே என்று நான் வாயைப் பிளப்பேன். அது ஏறிக்கொண்டே போனதை நம்பித்தான் மனைவியின் நகையை விற்று, உன் பத்தில் ஒன்றான அந்தப் பஞ்சாலையின் ஷேரை வாங்கினேன். உன் சேமிப்பையும் நீ அதில்தான் போட்டாய்.

ஆலை மூடிப்போனது. வெறுங்கழுத்தோடு நடமாடிய மனைவியை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை உன் எண் இன்னும் ஏறியிருந்தது. எப்படி என்று கேட்டேன். ஆலையை எடுத்துவிட்டு ஒரு தேயிலைக் கம்பெனியைச் சேர்த்து, கம்பெனி மாறினாலும் எண்ணின் தொடர்ச்சி அறுந்துபோகாதபடி சரிக்கட்டியிருப்பதாகச் சொன்னாய்.

"செத்துப்போன கம்பெனிய வெச்சிகினு இன்னா பண்றது மச்சான்? எம்பணமும் போச்சி, உம்பணமும் போச்சி. ஆனா மார்க்கெட்டு ஏறித்தான் கீது. ரெண்டும் நெசம்."

இரண்டும் எப்படி நிஜமாகும்? பெயிலான பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு எண்ணினால் வகுப்பே பாஸ்தானே என்று உன்னோடு மல்லுக்கட்டினேன். நீ கோபப்படக்கூட இல்லை. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

பிறகு காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் குழியில் மண் போட்டுவிட்டு வந்த மறுவாரமே உன் ஜன்னலோரத்தில் ஆவடிக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். நல்ல மனிதர், சீட்டும் நன்றாகப் போடுகிறார். "ஆட்டத்துக்குக் கை சேந்துகிச்சி, சீட்டக் கலைப்பா" என்றார்கள் மற்றவர்கள். நானும் ஆடினேன். நடுவில் ஒரு தடவை சிரித்தும்விட்டேன். சிரித்த பிறகு எனக்கு அழுகை வந்தது. ஆட்டத்தில் ஆள் குறையவில்லை, நீயோ இல்லை. இரண்டும் நிஜம் என்று நீ சொன்னது இதைத்தானா? இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

இப்போது சனிக்கிழமை எண்ணை நான் போடுகிறேன். தேயிலையையும் சேர்த்திருக்கிறேன், பஞ்சாலையையும் எடுக்கவில்லை. அதற்கு நேரே ஒரு சைபர் போட்டு, பத்துக்குப் பதில் பதினொன்றால் வகுக்கிறேன். உன் வழியில் வருவதைவிட எப்போதும் குறைவாகவே வருகிறது. எது சரி என்று சொல்ல நீ இல்லை. என் கணக்கு தப்பாகவே இருக்கட்டும், அந்தப் பெயரை அடிக்க எனக்குக் கை வரவில்லை.