டிஸ்சார்ஜ் ஆனால் உடனே வரவும்

மார்ச் 3
வார்டுக்குப் புதுத் தாள் வந்திருக்கிறது. அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டியது. ஐந்தாவது வரி: 'டிஸ்சார்ஜ் ஆனால் உடனே மருத்துவமனைக்கு வரவும்.' டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியது புண்ணிலிருந்து வடிகிற சீழைப் பற்றி. தமிழில் எழுதியவருக்குத் தெரிந்த டிஸ்சார்ஜ், வீட்டுக்கு அனுப்புவது. நர்ஸ் வேலைக்கு வந்து பதினாறு வருஷம், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை.

மார்ச் 4
மேலாளரிடம் போனேன். "டிஸ்சார்ஜ்னா ரெண்டும்தாம்மா. அகராதியப் பாருங்க." பார்த்தேன். சுமை இறக்குவது, துப்பாக்கி சுடுவது, கடமையைச் செய்து முடிப்பது, வேலையை விட்டு நீக்குவது. நோயாளிக்கு எதற்கு இதெல்லாம்? ஆயிரம் தாள் அச்சாகிவிட்டதாம்.

மார்ச் 6
நேற்று வீட்டுக்குப் போன தையல்காரர் காலையிலேயே மனைவியோடு வந்து நிற்கிறார். மிஷின் மிதிக்கிற காலில் அறுவை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "டிஸ்சார்ஜ் ஆனா உடனே வரணும்னு போட்டிருக்கே, சிஸ்டர்?" என்றார் மனைவி. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னும் பத்துப் பேருக்குக் கட்டு மாற்ற வேண்டும். "தப்பா அச்சாயிருக்குக்கா. அந்த வரியக் கண்டுக்காதீங்க, போங்க."

மார்ச் 9
அந்த வரியை மாற்ற ஒரு மணி நேரக் கூட்டம். வெளியேற்றமா, கசிவா, சுரப்பா? டாக்டருக்குக் 'கசிவு' பிடிக்கவில்லை. குழாய் ரிப்பேர் மாதிரி இருக்கிறதாம். "சீழ்னே போடுங்களேன் சார்" என்றேன். "அசிங்கமா இருக்கும்மா" என்றார் மேலாளர். கடவுளே.

மார்ச் 12
தையல்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெருப்பாகக் கொதிக்கிறது உடம்பு. கட்டைப் பிரித்ததும் வாடை. மூன்று நாளாகச் சீழ் வடிகிறதாம். ஏன் வரவில்லை என்று கத்திவிட்டேன். அந்த அக்கா என் முகத்தையே பார்த்தார். "நீங்கதானே அந்த வரியக் கண்டுக்காதீங்கன்னு சொன்னீங்க."

மேலாளர் மேல, டாக்டர் மேல, அகராதி மேலகூட எரிஞ்சு விழுந்தேனே — அந்தக்காவ உக்கார வச்சு ரெண்டு நிமிஷம் பேசினேனா?

மார்ச் 13
மறுபடி அறுவை. கால் தப்புமா, தெரியவில்லை.

மார்ச் 14
டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி அனுப்பியதையும் மறைக்கவில்லை. அவர் பேனாவை எடுத்து, 'புண்ணிலிருந்து சீழோ தண்ணீரோ வடிந்தால்' என்று எழுதி மேலாளருக்கு அனுப்பினார். கூட்டம் எதுவும் போடவில்லை.

மார்ச் 24
கால் தப்பியது. தையல்காரர் இன்று ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போகிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுத் தாளை அந்த அக்காவுக்கு வரிவரியாகப் படித்தேன். "எப்பெப்ப வரணும், நீங்க சொல்லுங்கக்கா."

அவர் தாளைப் பார்க்கவில்லை.

"சீழ் வந்தா. காய்ச்சல் வந்தா. நீங்க போங்கன்னு சொன்னாலும் வருவோம்."

"வாங்க" என்றேன்.